மலையடிவாரத்து மேயர் நாற்காலி

கோடைக்கானல் ஏரியில் படகு விட்டு, கூடை நிறையப் பேரிக்காய் வாங்கித் திரும்பும் வாசகர்களே! அந்த ஊர் நிர்வாகம் யார் கையில் என்று யோசித்ததுண்டா? 1899 முதல் அங்கே முனிசிபாலிடி உண்டு. அதன் தலைவர் சேர்மன். மலையிறங்கித் திண்டுக்கல்லுக்கு வாருங்கள். 1866-ல் முனிசிபாலிடியான அவ்வூர் 2014-ல் மாநகராட்சி ஆயிற்று. சேர்மன் ஸ்தானம் போய், மேயர் ஸ்தானம் வந்தது.

மேயர் என்றதும் சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் நம் கண்ணைப் பறிக்கின்றன. நாற்காலியின் கால்களை யார் கவனிக்கிறார்கள்? அவையோ அடிக்கடி மாறுகிறவை! தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் ஜனங்களே நேராக வோட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் அந்த வேலை கவுன்சிலர்களுக்குப் போயிற்று. 2018-ல் மறுபடியும் நேரடித் தேர்தல் என்று சட்டம் வந்தது; 2019 நவம்பரில், இல்லை, கவுன்சிலர்களே என்று அவசரச் சட்டம்! இதற்கிடையே 2016-ல் நடக்கவேண்டிய தேர்தல் நின்றுபோய், ஐந்து வருஷங்களுக்கு மேல் அதிகாரிகளே ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் 2022 மார்ச்சில் திண்டுக்கல் கவுன்சிலர்கள் கூடி, தி.மு.க.வைச் சேர்ந்த இளமதியை மேயராக்கினார்கள்.

தேர்வு கவுன்சிலர்கள் கையில் இருந்தால் கூட்டணிக்குத் தனி மவுசு. சென்னையில் 1959-ல் நூறு இடங்களில் 45 பிடித்த தி.மு.கழகம், கம்யூனிஸ்டுகள் கை கொடுத்ததால்தான் அ. பொ. அரசுவை மேயர் பீடத்தில் அமர்த்தியது.

கொடுத்த கையை இழுத்துக்கொண்டால்? அந்தக் கதை ஸெர்பியாவில் நடந்தது. 1996-ல் எதிர்க்கட்சிகள் 'சேர்ந்து' என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டணி அமைத்து, தலைநகரான பெல்கிரேடில் ஜெயித்தன. அரசாங்கம் முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. கொட்டும் பனியில் ஜனங்கள் மாதக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 1997 பிப்ரவரியில் ஜோரான் ஜின்ஜிச் மேயரானார். செப்டம்பர் முடிவதற்குள், தோழமைக் கட்சியே எதிராளிகளோடு சேர்ந்து வோட்டுப் போட்டு அவரை இறக்கிவிட்டது! 'சேர்ந்து' என்ற பெயர் நெடுநாள் சேர்த்து வைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை, 2001-ல் பிரதம மந்திரியானார். 2003-ல் சுடப்பட்டு மாண்டார்.

இதெல்லாம் அரசியல்வாதிகள் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா? பழனி மலையில் பெய்யும் மழை ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தங்கி, திண்டுக்கல் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. மழைக்குக் கட்சி கிடையாது. குழாயைத் திறந்து மூடும் நிர்வாகத்துக்கு உண்டு. மேயர் யார் என்பதில் பேரம் நடக்கும் நாட்களில், காலிக் குடத்தோடு காத்திருப்பவர் நம் வீட்டுப் பெண்மணிதான்.

ஆகவே, அடுத்த முறை அபேட்சகர் கை கூப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், "தெரு விளக்கு எரியுமா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஜெயித்த பிறகு மேயர் தேர்தலில் யாருக்குக் கை தூக்குவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், நீங்களும் வோட்டுப் போடத் தயங்கலாம் அல்லவா?