உங்களுக்குத் தெரியுமா? ஐபி மாறிய கைப்பேசியைக் கண்டுபிடிப்பது எப்படி

பூவாரில் வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே கைப்பேசியின் ஐபி முகவரி மாறிவிடும். கேரளத்தின் பாறசாலை தாண்டித் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்குள் நுழைந்தால் தொலைத்தொடர்பு வட்டமே வேறு. நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகள் நேராகப் பேசிக்கொள்ளும் பிட்டொரண்ட் போன்ற அமைப்புகளுக்கு இது தலைவலி.

2002இல் பெதர் மேமூன்கோவ், டேவிட் மசியேர் இருவரும் வெளியிட்ட 'கடெம்லியா' முறையில் ஒவ்வொரு கணினிக்கும் 160 பிட் அடையாள எண் உண்டு. ஐபி என்பது மற்ற கணினிகள் வைத்திருக்கும் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதிய குறிப்பு மட்டுமே. இம்முறையைப் பின்பற்றும் பிட்டொரண்டில் 15 நிமிடம் சத்தமில்லாதவர் சந்தேகப் பட்டியலுக்குப் போவார்; பலமுறை கேட்டும் பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். பதில் சொல்லும் பழையவரைத் தள்ளிவிட்டுப் புதியவரைச் சேர்ப்பதில்லை. ஏனெனில் நெடுநேரம் இணைப்பில் இருந்தவரே மேலும் நீடிக்க வாய்ப்பு அதிகம் என்பது நூட்டெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பின் தரவுகளில் தெரிந்த விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், முகவரியை மாற்றி அனுப்பும் நாட் (NAT) அமைப்புக்குப் பின்னால் இருக்கும் கைப்பேசிக்குத் தன் வெளி முகவரி தெரியாது. எதிர்முனைக் கணினிதான் சொல்ல வேண்டும். போலி எண்களைத் தடுக்க, எண்ணை ஐபியோடு முடிச்சுப் போடும் நீட்டிப்பும் பிட்டொரண்டில் பின்னால் வந்தது. அதன்படி ஐபி மாறினால் எண்ணும் மாற வேண்டும்.