மூன்று சல்லடைகள்: முகாம் பிள்ளைக்குக் குடியுரிமைச் சட்டம் எப்படி இயங்குகிறது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மில்லில் உடைத்து வந்த சோளத்தை வீட்டில் சலிப்பார்கள். ரவைச் சல்லடையில் சுலபமாக இறங்கும் குருணை, மாவுச் சல்லடையில் மேலேயே தங்கிவிடும். தானியம் ஒன்றுதான், சல்லடைக் கண்தான் வேறு. பெரம்பலூர் துறைமங்கலம் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் இதே கணக்குதான்.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களுக்குத் தமிழகம் இடம் கொடுத்தது. ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. தங்குவது அரசின் அனுமதியால்தான். நிரந்தரமாக வாழ, குடியுரிமைச் சல்லடையில் இறங்கியாக வேண்டும்.

முதல் சல்லடை: 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் போதும், பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இதனால்தான்.

இரண்டாவது: 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும்.

மூன்றாவது: 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக, அதாவது உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவராக, இருக்கக் கூடாது. இந்தக் கண்தான் மிகச் சிறியது. அதே முத்திரை, குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் வழியையும் அடைக்கிறது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிலருக்குக் கண்ணை அகலமாக்கியது. இலங்கை அதில் இல்லை.

2025 செப்டம்பரில் ஓர் ஆறுதல் வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. மேலே தங்கியதைக் கொட்டிவிடமாட்டோம் என்பதே அதன் பொருள்; கண் அகலமாகவில்லை.

ஊர் திரும்ப விரும்புவோர், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிந்து, பயண ஆவணமும், இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதியும் பெற வேண்டும். அப்படிப் பதியுமுன், பெற்றோரின் பிறந்த தேதியையும் ஊரையும் பாருங்கள். தாய் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்து, பிள்ளையும் 2004 டிசம்பருக்கு முன் இங்கே பிறந்திருந்தால், அந்தப் பிள்ளையும் இந்தியக் குடிமகனே. பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த மற்றப் பிள்ளைகளுக்காகச் சல்லடையை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். அதைக் கேட்க வேண்டியது வாக்குரிமை உள்ள நாம்.