இரண்டாவது கேள்வி

ரோட்டரி சங்கக் கூட்டங்களில் அந்த நான்கு கேள்விகள் இல்லாத மேடை அபூர்வம். உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா? 1932-ல் திவாலாகும் நிலையில் இருந்த சிகாகோ பாத்திரக் கம்பெனி ஒன்றை மீட்க ஹெர்பர்ட் டெய்லர் எழுதியவை. 1943-ல் ரோட்டரி அவற்றை ஏற்றுக்கொண்டது.

ஆனால் இரண்டாவது கேள்வியில் ரோட்டரியே தடுமாறியது. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் ஆள் பற்றாக்குறையால் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்தது. மறுவருடமே தலைமையகம் அதன் அங்கீகாரத்தைப் பறித்தது. ஆண்களுக்கு மட்டும் என்பதுதான் விதி! சங்கம் அசரவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு கூடியது, கோர்ட்டுக்கும் போனது. 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் நின்றது. 1989-ல் உலகம் முழுக்க விதி மாறியது.

அதுவரை இந்தியாவிலும் பெண்கள் உறுப்பினர்களின் மனைவிகள்தான், செல்லமாக 'ஆன்ஸ்'. 1920-ல் கல்கத்தாவில் முதல் சங்கம் தொடங்கி சுமார் எழுபது வருடங்கள் இதே கதை. அத்தனை வருடமும் கேள்வியை யாரும் வாசிக்காமல் இல்லை.

சர்வதேசத் தலைவர் நாற்காலியில் ஒரு பெண், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், அமர்ந்தது 2022-ல்தான். டுவார்ட்டே காத்திருக்கவில்லை. தீர்ப்பு வந்த 1987-லேயே அதன் தலைவர் சில்வியா விட்லாக் என்ற பெண்மணி.