ஆயா கேட்ட மீன்

வேதத்தின் ஓரக் குறிப்புகள் – 9

உயிர்த்தெழுந்த இயேசு சொன்ன பக்கம் வலை வீசியபோது எத்தனை மீன் சிக்கியது? ராயபுரத்தில் ஞானோபதேச வகுப்புக்குப் போன பிள்ளைகளில் இதற்குத் தடுமாறியவர்கள் குறைவு. 153. யோவான் நற்செய்தி, 21ஆம் அதிகாரம். இந்த விடையைச் சொல்லித்தான் நான் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைப் பரிசாக வாங்கினேன். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடையில் மீன் விற்ற என் ஆயா, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எண்ணிக்கை கீது, சரி. இன்னா மீனுடா அது? வஞ்சிரமா, சங்கராவா?"

வகுப்பில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. வேதத்திலும் இல்லை.

அந்த 153க்குப் பெரிய பெரிய ஆட்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். உலகில் மொத்தமே 153 வகை மீன்கள்தான் என்று கிரேக்க நூலாசிரியர்கள் சொன்னதாகப் புனித ஜெரோம் எழுதினார். ஆகவே எல்லா இனத்து மக்களும் வலைக்குள் வருவார்கள் என்று பொருளாம். காசிமேட்டு ஏலக்கூடத்தில் ஒரு விடியற்காலை நின்றிருந்தால் அந்தக் கணக்கை அவர் அடித்துத் திருத்தியிருப்பார். புனித அகுஸ்தீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டளைகள் 10, தூய ஆவியின் கொடைகள் 7, ஆக 17. ஒன்றிலிருந்து 17 வரை வரிசையாகக் கூட்டினால் 153 வரும். நீங்களும் கூட்டிப் பார்க்கலாம், சரியாகவே வரும்.

ஆயாவின் விளக்கம் இவ்வளவு சுற்றவில்லை. "பங்கு பிரிக்க எண்ணி இருப்பாங்கோ." எனக்கு இன்றுவரை இதுதான் பிடித்த உரை. கரையில் பாடு வந்திறங்கினால் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். எண்ணாமல் எப்படிப் பிரிப்பது? அன்று படகில் இருந்தவர்கள் ஏழு பேர். ஆளுக்கு 21 போட்டால் மிச்சம் 6. அந்த ஆறும் படகுக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஏழு பேரில் ஒருவர் தோமையார் என்பதை நம் ஊர்க்காரர்களே கவனிப்பதில்லை. நத்தனயேல், செபதேயுவின் மகன்கள் இருவர், பெயர் சொல்லாத இன்னும் இருவர், கூட தோமா, இவர்களுக்குத் தலையாக ராயப்பர், அதாவது பேதுரு. ராயபுரமும் சாந்தோமும் ஒரே படகில் இருந்திருக்கின்றன.

மீனுக்கு வருவோம். கலிலேயாக் கடல் என்று படித்துப் படித்து நம் மனதில் வங்கக் கடல் மாதிரி ஒன்று விழுந்துவிட்டது. அது கடல் இல்லை, நன்னீர் ஏரி. எபிரேயத்தில் கடலுக்கும் பெரிய ஏரிக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம். லூக்கா மட்டும் கறாராக ஏரி என்றே எழுதுகிறார். நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 13, பரப்பு 166 சதுர கிலோமீட்டர்தான். எண்ணூருக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு ஏரி அதைவிடப் பெரியது. ஒரே விசேஷம், அந்த ஏரி கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது. சுற்றிலும் மலை. குன்றிலிருந்து திடீரென்று காற்று இறங்கினால் ஏரியும் கடல்போலக் கொந்தளிக்கும். இயேசு அடக்கிய புயல் அப்படி வந்தது.

அந்த ஏரிக் கரையில் இன்று உணவகங்களில் 'பேதுரு மீன்' என்று வறுத்துக் கொடுப்பது எது தெரியுமா? திலாப்பியா. அதாவது நம் ஜிலேபி! முதுகுத் துடுப்பு சீப்புப் போல விரிந்திருப்பதால் அரபியில் அதற்கு 'முஷ்ட்', சீப்பு என்று பெயர். நம் ஏரி, குளங்களில் நிறைந்து கிடக்கும் ஜிலேபி அதன் ஆப்பிரிக்கப் பங்காளி. 1952இல்தான் இந்தியாவுக்கு வந்தது. கல்லூரி நாளில் இதைப் படித்துவிட்டு, ஆயாவின் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "ஏரி மீனா? அதுக்கா கோயில்ல இத்தினி பாட்டு?"

ஜிலேபிக்கு இந்தப் பெருமை வந்தது மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் வரும் கதையால். கோயில் வரி கேட்கிறார்கள். இயேசு ராயப்பரைத் தூண்டில் போடச் சொல்கிறார். முதலில் சிக்கும் மீனின் வாயில் ஒரு காசு இருக்கும், அது நம் இருவருக்கும் போதும் என்கிறார். வரி ஆளுக்கு இரண்டு திராக்மா, கிடைத்த காசு நான்கு திராக்மா. கணக்கு நேர். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் பழக்கம் ஜிலேபிக்கு உண்டு என்பதால், வாயில் காசு வைத்திருந்ததும் அதுவே என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு மீனவர் குறுக்கே வருகிறார். மெண்டல் நூன் என்று பெயர். அந்த ஏரிக்கரையில் பல பத்தாண்டுகள் வலை போட்டவர். பிறகு ஏரியின் பழைய மீன்பிடி முறைகளை ஆராய்ந்து எழுதியவர். அவர் சொன்னது இது: ஜிலேபியின் முக்கியமான தீனி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்; அது தூண்டிலுக்கு வராது, வலைக்குத்தான் வரும். புதிய ஏற்பாட்டில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது இந்த ஒரே இடத்தில்தான். தூண்டில் என்றால் சிறு மீனை விழுங்கும் கெண்டை இனத்து மீசை மீனாகத்தான் இருக்க வேண்டும். யாத்திரை வருகிறவர்களின் தட்டுக்கு முள் குறைந்த ஜிலேபி தோதாக இருந்ததால் பெயரை அது தட்டிக்கொண்டு போய்விட்டது. வேத பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் காசைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். தூண்டிலைப் பார்க்க ஒரு மீன்காரர் வரவேண்டியிருந்தது.

இதே மாதிரி இன்னொன்று. கடலில் போட்ட வலையை இழுத்துக் கரையில் உட்கார்ந்து நல்ல மீனைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிந்தார்கள் என்று ஓர் உவமை வருகிறது. ஆகாதது என்றால் நாம் கெட்டுப்போன மீன் என்று நினைக்கிறோம். வலையிலிருந்து இப்போதுதான் வந்த மீன் எப்படிக் கெடும்? லேவியர் நூலின் சட்டப்படி துடுப்பும் செதிலும் இல்லாதது யூதர்களுக்கு விலக்கு. அந்த ஏரியில் கிடைத்த கெளுத்தி வகைகளுக்குச் செதில் கிடையாது. அவைதான் கழித்துப் போட்டவை. அந்தச் சட்டத்தில் இறால், நண்டு, கடம்பா எதுவும் இல்லை, சுறாப்புட்டும் இல்லை. ஆயாவிடம் இதை நான் சொல்லவில்லை. ராயப்பர் மேல் அவளுக்கு இருந்த மரியாதை குறைந்திருக்கும்.

ராயப்பர் என்கிற பெயரே ஒரு கதை. அவருடைய சொந்தப் பெயர் சீமோன். இயேசு வைத்தது கேபா, அரமேயத்தில் பாறை. அதன் கிரேக்கம்தான் பேதுரு. பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் வேதத்துப் பெயர்களில் பலவற்றை ஒலியாக எடுக்காமல் பொருளாக எடுத்துத் தமிழாக்கினார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவர். அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது, அருளப்பர். ஸ்தேபானுக்குக் கிரேக்கத்தில் கிரீடம் என்று பொருள், முடியப்பர். பேதுருவுக்கு மட்டும் கல்லப்பர் என்று வைக்காமல் ராயப்பர் என்றார்கள். ராயன் என்றால் அரசன், தலைவன். பெயரை விட்டுவிட்டுப் பதவியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பேதுரு, பவுல், யோவான் என்று ஒலிப்பெயர்களே நிலைத்துவிட்டன. ராயப்பர் வேதத்தை விட்டு இறங்கி, மாநகரப் பேருந்தின் பெயர்ப்பலகையில் ஏறிக்கொண்டார்.

அவர் பெயரில் இங்கே ராயபுரத்தில் கோயில் எழுப்பியவர்கள் குருகுல வம்ச வர்ணகுல முதலியார்கள், படகுக்காரர்கள். ஆண்டு 1829. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, ஆணியே இல்லை. ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளக்கும், தைத்தது வளைந்து கொடுக்கும். அந்தப் படகுக் கூலியில் ஒதுக்கிய பணம்தான் கோயிலாக நின்றது. பிறகு துறைமுகம் கட்டினார்கள், 1881 நவம்பர் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள், மசூலா காணாமல் போயிற்று.

ராயப்பர் காலத்துப் படகு எப்படி இருந்தது என்பது 1986 வரை ஊகம்தான். அந்த ஆண்டு வறட்சியில் கலிலேயா ஏரி வற்ற, மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் ஒரு படகின் விளிம்பைக் கண்டார்கள். நீளம் சுமார் 8 மீட்டர், முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பலகைகளை உளித்துளையிட்டு மரத்துண்டு செருகி முளையடித்து இணைத்திருந்தார்கள், ஆணியும் உண்டு. கிட்டத்தட்ட ஒரு டஜன் வகை மரம், பலதும் வேறெதிலிருந்தோ கழற்றிப் போட்ட ஒட்டு. படகுக்காரன் பணக்காரன் இல்லை என்று அந்த ஒட்டுப் பலகைகள் சொல்கின்றன.

கடைசியாக, பலரைச் சிரிக்க வைத்த ஓர் இடம். அதே 21ஆம் அதிகாரத்தில், கரையில் நிற்பது ஆண்டவர் என்று தெரிந்ததும், உடையில்லாமல் இருந்த ராயப்பர் மேலாடையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார். குதிப்பவன் உடையைக் கழற்றுவானா, கட்டுவானா? கரை 200 முழம்தான், நூறு மீட்டர்கூட இல்லை. ஆயாவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. தாத்தா கட்டுமரத்தில் கோவணத்தோடுதான் போவாராம். கரையில் சாமியார் நிற்பது தெரிந்தால், தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, நனைந்தால் நனையட்டும் என்று இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவாராம்.

(அடுத்த வாரம் திருவொற்றியூர்: பட்டினத்தாரின் காதற்ற ஊசியும், ஒட்டகம் நுழையாத ஊசிக்காதும்)