விரிசலும் விதைப்பும்

விளாத்திகுளத்துக் காடுகளில் சித்திரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். கால் உள்ளே போகிற அளவுக்கு நிலம் வாய்பிளந்து கிடக்கும். வீட்டுச் சுவரும் பிளக்கும். கரிசலில் இருப்பது மாண்ட்மோரிலோனைட் வகைக் களிமண். தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இதில் சுவருக்கு அபிப்பிராயம் கிடையாது. காரணம் முன்னால், காரியம் பின்னால்.

இதே மண்ணில் புரட்டாசியில் நடப்பது வேறு. மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறார்கள். மழை விழுந்துவிட்டால் கரிசல் களியாக ஒட்டும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஈரம் ஆறக் காத்திருந்தால் பருவம் தப்பிவிடும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இம்முறையைப் பரிந்துரைக்கிறது: விதையை ஊறவைத்து, உலர்த்தி, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் போட வேண்டும். சின்னத் தூறலுக்கு விதை ஏமாந்து முளைத்துவிடக் கூடாது.

இங்கே காரணம் எது? மழை என்று சொல்ல முடியாது; அது இன்னும் பெய்யவில்லை. பெய்யும் என்ற கணக்குத்தான் கையை ஓட்டுகிறது. இனிமேல் வரப்போகிற ஒன்று இன்றைய செயலுக்குக் காரணமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனிதத் தேர்வு சுவரின் விரிசலிலிருந்து விலகுகிற இடம் இதுதான்.

ஒரு வருஷம் எங்கள் காட்டில் உளுந்து முளைத்த பிறகு மழை வரவில்லை. "மழ ஏமாத்திட்டுப்பா" என்றார் அப்பா. பக்கத்துப் புஞ்சைக்கும் அதே மழைதான். அவர்கள் வீட்டு விதையைப் போட்டிருந்தார்கள். கருகியதை உழுதுபோட்டு மறுபடி விதைத்தார்கள். நாங்கள் வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தோம். அம்மாவின் கம்மல் போயிற்று, பிறகு காடும் போயிற்று. ஒரே காரணத்துக்கு இரண்டு காரியமா? மழை இல்லாமல் செத்தது பயிர். காட்டைக் கொண்டுபோனது வட்டி. வட்டி வானத்திலிருந்து பெய்வதில்லை. 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வறட்சி இழப்பு தனி ஒருவரின் காட்டைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. அதுவும் மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுதான்.

கரிசல் எழுத்தைப் பேசும்போது நாமும் இந்தக் குழப்பத்தைச் செய்கிறோம். 'மண் வறண்டது, ஆகவே மனிதன் இப்படி' என்று எழுதிவிட்டுத் திணைக் கோட்பாட்டைச் சாட்சிக்கு இழுக்கிறோம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. என் வாசிப்பில் அவை வாழ்வுக்கான களம். மனிதனை அச்சடித்துத் தள்ளும் எந்திரம் அல்ல.

மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் 12 சார்புகளைச் சொல்கிறார். பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடிகிற சங்கிலி. கேட்டதும் விதி என்று தோன்றும். ஆனால் அதைத் திருப்பியும் சொல்கிறார்: ஒன்று அற்றால் அதைச் சார்ந்தது அறும். ஆக, காரணத்தைத் தேடுவது சரணடைவதற்கு அல்ல. எந்தக் கண்ணியில் கை வைக்கலாம் என்று பார்ப்பதற்கு.

'அவனாத்தானே கடன் வாங்குனான்' என்கிற குரலும் இருக்கிறது. விதிவாதத்தின் மறுபக்கம் இது. கையில் விதை இல்லாதவனுக்குப் புரட்டாசியில் இருந்த தேர்வுகள் எத்தனை என்று அது கேட்பதில்லை.

ஒரு கதையோ அறிக்கையோ 'மழை ஏமாத்திட்டு' என்று முடிந்தால், நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதில் மழை செய்தது எவ்வளவு, மனிதர்கள் செய்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். மழையிடம் பதில் கிடைக்காது. மற்றவர்களிடம் கேட்கலாம்.