ரிமோட் சாவி முதல் ஏசி, ஆடியோ வரை... கார்ல இருக்குற பட்டன்களை சரியா யூஸ் பண்றீங்களா? டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என டெல்டா ஊர்களில் இப்போது தெருவுக்கு நாலு கார் நிற்கிறது. அறுவடை முடிந்த கையோடு செகண்ட் ஹேண்டில் கார் எடுப்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகன் புது கார் வாங்கிக் கொடுத்து, அப்பா ஓட்டுவதும் உண்டு. ஆனால் காரோடு வரும் கனமான கையேட்டை எத்தனை பேர் படிக்கிறார்கள்? ரிமோட்டில் எந்த பட்டன் எதற்கு, ஏசியில் அந்த வளைந்த அம்புக்குறி என்ன, ப்ளூடூத் ஏன் கனெக்ட் ஆகவில்லை என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை.

இது வெறும் சொகுசு சமாச்சாரம் இல்லை. இந்த பட்டன்களில் சிலவற்றைத் தவறாகக் கையாண்டால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரிமோட் சாவி எப்படி வேலை செய்கிறது?

கார் ரிமோட் என்பது ஒரு குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டர். பட்டனை அழுத்தியதும் அது ஒரு ரகசிய எண்ணை ரேடியோ அலையாக அனுப்பும். கார் அதைச் சரிபார்த்து கதவைத் திறக்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்த எண் மாறும். அதனால் ஒருமுறை அனுப்பிய சிக்னலை யாராவது பதிவு செய்து வைத்துக்கொண்டாலும், மறுபடி அதை வைத்து எளிதில் திறக்க முடியாது.

'ஸ்மார்ட் கீ' வேறு மாதிரி. சாவி பாக்கெட்டில் இருந்தாலே போதும். கைப்பிடியில் உள்ள பட்டனைத் தொட்டதும் கார் ஒரு சிக்னல் அனுப்பி, "சாவி பக்கத்தில் இருக்கா?" என்று தேடும். சாவி பதில் சொன்னால் கதவு திறக்கும். திருடர்கள் குறி வைப்பது இந்த வசதியைத்தான். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை கருவி வைத்து நீட்டித்து, வாசலில் நிற்கும் காரைத் திறக்கும் திருட்டு பல நாடுகளில் நடந்திருக்கிறது. எனவே ஸ்மார்ட் கீயை வாசல் பக்க ஆணியில் மாட்டாமல், வீட்டின் உள்ளே தள்ளி வையுங்கள்.

லாக் பண்ணிட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்க

பெரிய கோவில் பார்க்கிங், பேருந்து நிலையம், திருமண மண்டபம் மாதிரி கூட்டமான இடங்களில் மற்ற சிக்னல்கள் குறுக்கிட்டு ரிமோட் வேலை செய்யாமல் போகலாம். வேண்டுமென்றே சிக்னலைத் தடுக்கும் திருடர்களும் உண்டு. பட்டனை அழுத்திவிட்டு திரும்பிப் பார்க்காமல் நடக்காதீர்கள். இண்டிகேட்டர் மின்னியதா என்று பாருங்கள், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அவ்ளோதான்.

இன்னொரு விஷயம். பல கார்களில் ரிமோட்டால் திறந்துவிட்டு சுமார் அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால், கார் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். 'நான்தான் திறந்தேனே' என்று குழம்ப வேண்டாம், அது பாதுகாப்பு ஏற்பாடு.

ரிமோட் பேட்டரி தீர்ந்துட்டா என்ன பண்றது?

கிட்ட போனால் மட்டும் வேலை செய்கிறது, ரெண்டு மூணு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலான ரிமோட்களில் இருப்பது சிஆர் 2032 போன்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. கடிகாரக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

முழுதாகத் தீர்ந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். ஸ்மார்ட் கீக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி டிரைவர் கதவைத் திறக்கலாம். உள்ளே போய் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டனுக்கு மிக அருகில் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகும். சில மாடல்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

*கவனிக்க:* பழைய பட்டன் பேட்டரியை மேசை மேல் போட்டு வைக்காதீர்கள். சின்னக் குழந்தை அதை விழுங்கிவிட்டால், 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே, தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஆடிப்பெருக்கும் ஸ்மார்ட் கீயும்

ஆடி 18 அன்று திருவையாறு, கும்பகோணம் படித்துறைகளில் குடும்பத்தோடு இறங்குகிறோம். இடுப்பில் செருகிய சாவியோடு முங்கி எழுந்தால் ரிமோட் காலி. கார் சாவியை கரையில் நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். தண்ணீரில் விழுந்துவிட்டால் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றி, துடைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகு போட்டுப் பாருங்கள்.

பூட்டிய காருக்குள் குழந்தை: ஏன் இவ்வளவு ஆபத்து?

2025 மே மாதம் ஆந்திர மாநிலம் விஜயநகரம் மாவட்டம் துவாரபுடி கிராமத்தில், நின்றுகொண்டிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டதால் உயிரிழந்தனர். ஊரே பக்கத்தில்தான் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

வெயிலில் நிற்கும் கார் எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் சராசரியாக சுமார் 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் 30 நிமிடத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய பலன் இல்லை. அந்தக் கணக்கில், வெளியே 36 டிகிரி என்றால் காருக்குள் 58 டிகிரியைத் தொடலாம். குழந்தைகளின் உடல் பெரியவர்களை விட வேகமாகச் சூடாகும்.

அப்ப என்ன செய்யணும்?

• வீட்டு வாசலில் நிற்கும் காரையும் எப்போதும் பூட்டி வையுங்கள். சாவியை குழந்தைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

• 'ரெண்டே நிமிஷம், கொள்முதல் நிலையத்தில் சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்' என்று குழந்தையை காரில் விட்டுப் போகாதீர்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் கூடாது. என்ஜின் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம்.

• 'சைல்டு லாக்' போட்டிருந்தால் பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. முன் சீட்டுக்குத் தாவி வந்து திறக்கக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலான கார்களில் என்ஜின் ஆஃப் ஆகியிருந்தாலும் ஹாரன் அடிக்கும். மாட்டிக்கொண்டால் விடாமல் ஹாரன் அடிக்க வேண்டும் என்று பழக்குங்கள்.

• குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால், மாற்றுச் சாவி வரும் வரை காத்திருக்காதீர்கள். குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில், கூர்மையான கனமான பொருளால் அடித்து உடையுங்கள். 112 அல்லது 108க்கு அழையுங்கள்.

வெயிலில் நின்ற காரில் ஏசியை எப்படிப் போடுவது?

ஏறியதும் ஏசியை ஃபுல்லாகத் திருகுவதுதான் பலரும் செய்வது. முதலில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே தேங்கிய அனல் காற்று வெளியே போய்விடும். பிறகு கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, வளைந்த அம்புக்குறி உள்ள 'ரீசர்குலேஷன்' பட்டனை அழுத்துங்கள். இது வெளிக்காற்றை இழுக்காமல் உள்ளே குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர வைக்கும். சீக்கிரம் ஜில்லென்று ஆகும்.

அதற்காக அதே பட்டனில் மணிக்கணக்கில் ஓட்டக்கூடாது. எல்லோரும் விடும் மூச்சுக்காற்று உள்ளேயே சுற்றுவதால் கார்பன் டை ஆக்சைடு கூடி தூக்கம் சொக்கும். நீண்ட பயணத்தில் அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள். எதிரே நெல் லாரி தூசி கிளப்பினாலோ, வயலில் அறுவடை இயந்திரம் ஓடினாலோ மட்டும் மறுபடி ரீசர்குலேஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் 18 டிகிரி வைத்தால் வேகமாகக் குளிரும் என்பது தவறு. 24 டிகிரி வைத்தாலும் அந்த அளவு குளிரும் வரை அது முழு வேகத்தில்தான் வேலை செய்யும்.

மார்கழிப் பனியில் கண்ணாடி மங்குதா?

மார்கழி, தை அதிகாலையில் ஆற்றங்கரைச் சாலைகளில் முன்பக்கக் கண்ணாடி திடீரென வெள்ளையாக மங்கிவிடும். இது ஏன் என்று தெரிந்தால் தீர்வு சுலபம்.

வைப்பரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். துடைத்ததும் தெளிந்தால் பனி வெளிப்பக்கம் படிந்திருக்கிறது. அதாவது ஏசி குளிரால் கண்ணாடி ஜில்லிட்டு, வெளியே உள்ள ஈரம் அதில் படிகிறது. ஏசியின் குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடி மேல் படாமல் திருப்பி விடுங்கள்.

துடைத்தும் தெளியவில்லை என்றால் மங்கல் உள்பக்கம். நம் மூச்சிலும் ஈரத் துணியிலும் உள்ள ஈரம்தான் காரணம். முன் கண்ணாடி படம் போட்ட 'டீஃபாக்' பட்டனை அழுத்தி, ஏசியை ஆன் செய்து, வெப்பநிலையைக் கூட்டி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். 'குளிர்காலத்தில் எதுக்கு ஏசி?' என்று தோன்றலாம். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், அதனால்தான். கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. வெளிச்சம் போதாத நேரத்தில் எதிரே வரும் டிராக்டரின் டிரெய்லர் தெரியாமலே போய்விடும்.

எலி, வைக்கோல், தூசி: டெல்டா ஸ்பெஷல் பிரச்சினைகள்

க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் 'கேபின் ஃபில்டர்' என்று ஒன்று இருக்கும். அறுவடை சீசன் முடிந்ததும் அதைக் கழற்றிப் பார்த்தால் தூசியும் உமித் துணுக்கும் அடைத்திருக்கும். ஏசி காற்று குறைவாக வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வயல் எலிகளுக்கு நின்றுகொண்டிருக்கும் கார் நல்ல கூடு. காற்று உள்ளே போகும் வழியில் புகுந்து ஃபில்டரைக் கடிக்கும், வயரை அறுக்கும். காரை எடுக்காமல் நிறுத்தும்போது ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டுவிட்டு என்ஜினை ஆஃப் செய்தால், பல கார்களில் அந்த வழி அடைபட்டே இருக்கும். நெல் மூட்டை, தவிட்டு மூட்டை பக்கத்தில் காரை நிறுத்துவதையும் தவிருங்கள்.

ஏசி போட்ட கார் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது இயல்பு. அதே தண்ணீர் காருக்குள் கால் மிதியடியில் தேங்கினால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முக்கியமானது இது: சாலையில் உளுந்துச் செடியோ வைக்கோலோ பரப்பியிருந்தால் அதன் மேல் காரை நிறுத்தி ஏசியை ஓடவிடாதீர்கள். சைலன்சர் பகுதி கடும் சூட்டில் இருக்கும். அடியில் சிக்கிய வைக்கோல் பற்றினால் காரே எரிந்துவிடும்.

ஏசி போட்டு காரில் தூங்கலாமா?

நவக்கிரகக் கோயில்களுக்குச் சவாரி கூட்டி வரும் டிரைவர்கள், முகூர்த்த நாளில் மண்டப வாசலில் காத்திருப்பவர்கள் பலரும் செய்வது இது. கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியில் தூங்குவது.

புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என ஆய்வில் தெரியவந்தது.

மூடிய ஷெட், சுவர் ஒட்டிய இடம், சைலன்சர் குழாய் மூழ்கும் அளவு தண்ணீர் தேங்கிய இடம் ஆகியவற்றில் ஆபத்து இன்னும் அதிகம். தூங்கியே ஆகவேண்டும் என்றால் என்ஜினை அணைத்து, மர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் படுங்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே காரை விட்டு வெளியே வாருங்கள்.

ஆடியோ: பாட்டு மட்டுமா?

ப்ளூடூத் இணைக்க, காரை நிறுத்திய நிலையில் ஸ்க்ரீனில் 'புதிய சாதனம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, போனிலும் அதே எண் வருகிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் இரண்டிலும் பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் சரியாகும். வாடகை காரிலோ, விற்கப் போகும் காரிலோ உங்கள் போன் பதிவை மறக்காமல் அழித்துவிடுங்கள். உங்கள் தொடர்பு எண்கள் எல்லாம் அதில் இருக்கலாம்.

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவது குற்றம். 2020 அக்டோபர் முதல் அமலில் உள்ள விதிப்படி, கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். பாட்டை மாற்ற ஸ்டீயரிங் பட்டனைப் பழகிக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழும் அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும்.

பாட்டுக்கு நடுவே 'பீப்' சத்தம் வருகிறதா? 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இந்த எச்சரிக்கை வரும். 120ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். கோளாறு இல்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது.

கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத ரேடியோ பட்டன். 1960களில் ஏடிடி 27 நெல் ரகம் தஞ்சை விவசாயிகளிடம் வேகமாகப் பரவியதற்கு திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள்தான் காரணம். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நெட் இல்லாமலே செய்தி சொல்லக்கூடியது கார் ரேடியோ. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் உங்கள் காரில் வானொலி நிலையம் எந்த எண்ணில் எடுக்கிறது என்று பார்த்து சேவ் செய்து வையுங்கள். புயல் நேரத்தில் ரேடியோ கேட்கவோ போனுக்கு சார்ஜ் போடவோ என்ஜினை ஓடவிடுவதாக இருந்தால், கார் ஷெட்டுக்குள் அல்லாமல் திறந்த வெளியில் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.