பின்னால் வரும் காருக்குத்தான் நல்ல டிரைவர் வேண்டும்

நடுவழியில் நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர்களிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவர் முன் வண்டியில் ஏறிக்கொள்வார். பின்னால் கட்டிய காரில் தம்பியோ மச்சானோ உட்காருவார். “நீ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வா, போதும்” என்று அவருக்கு ஒரு வரி அறிவுரை. இதை அப்படியே மாற்றிப் போட வேண்டும். முன் வண்டி என்றும்போல ஓடுகிற வண்டி. ஓட்டச் சிரமமானது பின்னால் வருவதுதான்.

காரணம் பிரேக். நாம் காலால் லேசாகத் தொட்டதும் கார் நிற்பது நம் கால் பலத்தால் அல்ல. இன்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் பூஸ்டர் என்ற சாதனம் நம் மிதியைப் பல மடங்காக்கிக் கொடுக்கிறது. இன்ஜின் நின்றபின் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும். பிரேக் போய்விட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் உண்டு. பிரேக் இருக்கிறது. இரண்டு காலையும் வைத்து அழுத்த வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். பவர் ஸ்டியரிங்கும் இப்படித்தான்: இன்ஜின் பம்பால் இயங்கும் வகை உடனே கனத்துவிடும், மின்சார வகை பேட்டரியில் உயிர் இருக்கும் வரை உதவும். இன்னொன்று சாவி. நின்ற வண்டிக்குச் சாவி எதற்கு என்று உருவிப் பாக்கெட்டில் போட்டுவிட்டால், முதல் வளைவில் ஸ்டியரிங் லாக் விழுந்து கார் நேராகப் போகும். சாவி ‘ஆன்’ நிலையிலேயே இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்பே, நின்ற இடத்தில் பெடலை நாலைந்து முறை மிதித்து அந்தக் கனத்தைக் காலுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. முதல் அனுபவம் லாரிக்குப் பின்னால் நடுரோட்டில் கிடைக்கக் கூடாது.

சட்டமும் பின் காரை வெறும் சுமையாகப் பார்க்கவில்லை. இழுக்கப்படும் வண்டியின் முன் சக்கரங்களைத் தூக்கி வைக்காத பட்சத்தில், அதன் இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தாக வேண்டும் என்றன 1989-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த சாலை விதிகள். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. வேக வரம்பு மணிக்கு 24 கிலோமீட்டராக இருந்தது. பின் காரின் முதுகில் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் ‘ஆன் டோ’ என்ற பலகை கட்ட வேண்டியிருந்தது. இழுத்துப் போவதும் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்கோ பெட்ரோல் பங்குக்கோதான் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஊர் போய்ச் சேருவதற்கல்ல. அந்த விதிகளின் இடத்துக்கு 2017-இல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. அவற்றிலும் இழுவைக்குத் தனி விதி இருக்கிறது.

24 கிலோமீட்டர் என்றால் சிரிப்பு வரும், டிவிஎஸ் எக்ஸெல் கூட முந்திப் போகும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர் நகர்கிறது. 5 மீட்டர் இடைவெளியைக் கடக்க முக்கால் நொடி. முன் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே சாதாரண மனிதருக்கு ஒரு நொடிக்கு மேல் பிடிக்கும். அதாவது அந்தப் பழைய விதிப்படி போனாலும், முன்னால் போகிறவர் சடாரென்று நிறுத்தினால் பின்னால் இருப்பவர் மோதத்தான் செய்வார். 40-இல் போனால் அரை நொடிகூடக் கிடையாது.

அதனால் முன் டிரைவர் பிரேக்கை மறந்துவிடுவதுதான் முறை. ஆக்ஸிலரேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, மெல்ல மெல்ல வேகம் இறங்க வேண்டும். பிரேக் போடும் வேலை பின்காரருடையது. கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும்படி அவர் லேசாக மிதித்துக்கொண்டே வர வேண்டும். கயிறு தொய்ந்தால் அடுத்து வரப்போவது ஒரு வெட்டு இழுப்பு. தொய்ந்த கயிற்றின் மேல் பின்காரின் சக்கரம் ஏறினால் அந்த இழுப்பில் ஹூக்கே பிடுங்கிக்கொண்டு போகலாம். கிளம்பும்போதும் முதல் கியரில், கிளட்ச்சை மெதுவாக விட்டு, கயிறு நிமிர்ந்தபின்தான் எடுக்க வேண்டும். இருவரும் போனை ஸ்பீக்கரில் போட்டு, “வேகத்தடை வருது”, “லெஃப்ட் ஒடிக்கிறேன்” என்று பேசிக்கொண்டே போவது ஹாரன் சங்கேதங்களைவிட எவ்வளவோ மேல்.

சரி, கயிற்றை எங்கே கட்டுவது? பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் வரும். கீழே குனிந்து கைக்கு அகப்பட்ட கம்பியில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் ஸ்டியரிங் ராடிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோதான் மாட்டுகிறார்கள். அது வீல் அலைன்மென்ட்டோடு நிற்காத செலவு. கார் கம்பெனி இதற்கென்றே ஒரு டோ ஹூக் தந்திருக்கிறது. பல கார்களில் அது டிக்கியில் ஜாக்கியோடு, வளையம் வைத்த தடித்த திருகாணியாகக் கிடக்கும். முன் பம்பரில் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு சதுர மூடி இருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால் உள்ளே திருகுத் துளை தெரியும். கையால் திருகி விட்டுவிடக் கூடாது. வளையத்துக்குள் வீல் ஸ்பேனரை நுழைத்து, கடைசி மரை வரை இறுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ‘ஏற மாட்டேங்குதே’ என்று தவிப்பவர்கள் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். புறப்பட்டு இருநூறு முந்நூறு மீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி, ஹூக் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கயிறு என்றால் இழுவைக்கென்றே விற்கும் பட்டை நைலான் கயிறுதான். சற்றே நீண்டு கொடுக்கும், வெட்டு இழுப்பை வாங்கிக்கொள்ளும். லாரியில் தார்ப்பாய் கட்டிய பழங்கயிற்றில் நாலு முடிச்சு போட்டால், முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியளவுக்குக் குறையும். சங்கிலியும் இரும்பு வடமும் பலமானவைதான், ஆனால் இம்மியும் நீளாதவை. ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக ஹூக்குக்குப் போகும். எதுவானாலும் விறைப்பாக நிற்கையில் அறுந்தால், நுனியில் உள்ள கொக்கி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும் வேகத்தில் திரும்பும். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவைத்தால் அந்த வீச்சு அடங்கும். இழுக்கும்போது பக்கத்தில் நின்று “வுடு வுடு” என்று கத்துபவர்களை முதலில் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

அந்தச் சாக்கு, அல்லது ஒரு சிவப்புத் துணி, இன்னொரு விதத்திலும் உயிர் காக்கும். நம் ஊரில் இரண்டு வண்டிக்கு நடுவே 5 மீட்டர் இடம் தெரிந்தால் பைக் நுழையும். சிக்னலில் நின்றால் நடந்து போகிறவரும் நுழைவார். இருட்டில் கயிறு கண்ணுக்கே தெரியாது. என் கருத்து: இரவில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. பகலிலும் பேட்டரி செத்த கார் என்றால் அதன் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் எரியாது. அப்போது பின்னால் வருகிறவருக்கு அந்த ‘ஆன் டோ’ பலகைதான் ஒரே தகவல். ஒரு பைக்காரர் பழுதான இன்னொரு பைக்கைக் காலால் உந்திக்கொண்டு பைபாஸில் போவதும் நமக்குப் பழகிய காட்சிதான். பழகியதால் அது பத்திரமாகிவிடாது.

இழுக்கும் வண்டி எடையிலாவது சமமாக இருக்க வேண்டும். குட்டி யானையின் பின்னால் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் இன்னோவாவைக் கட்டினால், சமதளத்தில் நகரும். இறக்கத்தில் எது எதை இழுக்கிறது என்பதே மாறிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ கயிறு என்ற பேச்சே கூடாது. பிரேக்கோ ஸ்டியரிங்கோ பழுதாகி நின்ற காருக்கும் அப்படியே.

சில கார்களைத் தரையில் உருட்டி இழுப்பதே தவறு. ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பெட்டிக்குள் ஆயிலைச் சுற்ற வைக்கும் பம்ப் இன்ஜினோடு சுழல்வது. இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே பாகங்கள் காய்ந்து உரசும். ஏஎம்டி கார் கியர் விழுந்த நிலையிலேயே பேட்டரி செத்து நின்றால் நியூட்ரலுக்கு வராது, சக்கரம் அசையாது. மின்சாரக் காரில் சக்கரம் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேண்டாத மின்சாரம் உள்ளே பாயும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டை மட்டும் தூக்கினாலும் ஆபத்து. இவற்றுக்கெல்லாம் ஃப்ளாட்பெட் லாரிதான் வழி.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதல் வேலை, ஹஸார்டு விளக்கைப் போட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போவது. முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். 80-இல் வரும் வண்டிக்கு அது இரண்டேகால் நொடித் தூரம்தான், முடிந்தால் இன்னும் தள்ளி வைக்கலாம். பிறகு 1033. நெடுஞ்சாலை ஆணையத்தின் இந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறோமா என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. போனில் பாலிசியைத் திறந்து பார்த்துவிட்டு வெளி ஆளைக் கூப்பிடலாம்.

ரெக்கவரி வண்டிக்குப் பேசும்போது, கார் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, சக்கரம் உருளுகிறதா, ஹேண்ட் பிரேக் லீவரா பட்டனா என்று சொல்லிவிட வேண்டும். பட்டன் வகை பேட்டரி செத்தால் விடுபடாது. அதைச் சொன்னால்தான் பூட்டிய சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைப் பலகையோடு வருவார்கள். வாடகையை ஏற்றும் முன் பேசி, காரை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறல் எது, ஏற்றும்போது விழுந்தது எது என்ற வாக்குவாதம் ஷெட்டில் இறக்கியபின்தான் தொடங்கும்.